பத்துக்குப் பத்து அறைக்கு மானிட்டர் ஸ்பீக்கர்: எதை வாங்குவது, எங்கே வைப்பது

கணினிக்கு ஒலியைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் இன்டர்ஃபேஸ் வாங்கியாயிற்று, ரீப்பரோ எஃப்எல் ஸ்டுடியோவோ, ஏதோ ஒரு இசை மென்பொருளை ஓட்டத் தெரியும், இதுவரை ஹெட்ஃபோனில் மிக்ஸ் செய்து சமாளித்தாயிற்று. அடுத்து மானிட்டர் ஸ்பீக்கர், அதாவது மிக்ஸில் உள்ளதை உள்ளபடி காட்டும் ஸ்பீக்கர், என்று இருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. மென்பொருளில் இன்டர்ஃபேஸை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கெல்லாம் போகப்போவதில்லை. மதுரையில் நம்மில் பலருக்கு வாய்க்கிற அறையை வைத்துத்தான் எழுதுகிறேன்: 10 அடிக்கு 10 அடி, மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ், ஒரு ஜன்னல், ஒரு இரும்பு பீரோ, தலைக்கு மேல் ஃபேன். வில்லாபுரத்தில் என் மாடிப் போர்ஷனும் அச்சு அசல் இதேதான்.

படி 1: முதலில் டேப்

விலை பார்க்கும் முன் அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவாக வந்தால் மிக்ஸிங்குக்கு அதைவிடப் பொல்லாத அறை கிடையாது. காரணம் 5-ஆம் படியில் வரும். வீட்டில் 10-க்கு 13 மாதிரி நீளவாக்கில் இன்னொரு அறை இருந்தால், அம்மாவிடம் பேசி அதை வாங்கிவிடப் பாருங்கள். ஸ்பீக்கருக்குக் கூடுதலாகப் பத்தாயிரம் போடுவதைவிட அது லாபம்.

படி 2: எத்தனை இஞ்சு?

இஞ்சு என்பது வூஃபரின், அதாவது பேஸ் தரும் பெரிய கூம்பின், அளவு. கடையில் கேட்டால், “அண்ணே, எட்டு இஞ்சா எடுத்துட்டுப் போங்கண்ணே, பேஸ் சும்மா அள்ளும்” என்பார்கள். அள்ளத்தான் செய்யும். அதுதான் பிரச்சினையே. 8 இஞ்சு யமஹா எச்எஸ்8 கீழே 38 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 38 அதிர்வு; எண் குறையக் குறைய சுருதி தாழும்) வரை போகும், 5 இஞ்சு எச்எஸ்5 54 ஹெர்ட்ஸோடு நிற்கும். காகிதத்தில் எச்எஸ்8-தான் ஜெயிக்கிறது. ஆனால் 10 அடி அறை தானாகவே 57 ஹெர்ட்ஸ் பக்கம் ஊதிக் காட்டும். அதற்கு மேல் ஒரு பெரிய வூஃபரைக் கொண்டுவந்து வைத்தால், கேட்பது பாட்டா சுவரா என்றே தெரியாது.

நாம் இருக்கும் அறைக்கு 4 அல்லது 5 இஞ்சு. அதற்கு மேல் வேண்டாம். சப்வூஃபர் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

வீட்டில் ஏற்கெனவே 5.1 ஹோம் தியேட்டர் இருக்கிறதே என்றால், படம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். அதன் சின்ன ஸ்பீக்கர்கள் கீழே இறங்காது, பெரிய பெட்டி மேலே ஏறாது. நடுவில் விழும் ஓட்டையில்தான் தவிலின் உடம்பும் ஆண் குரலின் நெஞ்சும் இருக்கின்றன.

படி 3: பட்ஜெட்

பத்து, பன்னிரண்டாயிரத்தைச் சுற்றி என்றால் எடிஃபையர் எம்ஆர்4, பிரீசோனஸ் ஈரிஸ் 3.5 மாதிரியான ஜோடிகள். இவற்றில் ஒரு பெட்டிக்குள்தான் ஆம்ப் இருக்கும், மற்றது வயர் வழியாக அதிலிருந்து வாங்கிக்கொள்ளும். என் ஓட்டு எம்ஆர்4-க்கு. 4 இஞ்சு வூஃபர், வயரில் ஏறும் இரைச்சலைக் கழிக்கும் பேலன்ஸ்டு இன்புட், ஈரிஸ் 3.5-ஐவிடச் சற்றே கீழே இறங்கும். அதில் மானிட்டர், மியூசிக் என்று இரண்டு நிலை உண்டு. மிக்ஸ் செய்யும்போது மானிட்டர் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் போக முடிந்தால் ஜேபிஎல் 305பி மார்க் 2, யமஹா எச்எஸ்5, ஆடம் டி5வி. இவை தனித்தனிப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் வூஃபருக்கு ஒன்று, மேல் சுருதிக்கான சின்ன ட்வீட்டருக்கு ஒன்று என இரண்டு ஆம்ப். நாதஸ்வரம், பெண் குரல் அதிகம் மிக்ஸ் செய்கிறவர்களுக்கு நான் எச்எஸ்5-தான் சொல்வேன். காதைக் குத்தும் இடத்தை அது மறைக்காமல் குத்தியே காட்டும். எச்எஸ்5-இன் வெள்ளை வூஃபர் கூம்பு ஒரு பழைய அடையாளம். 1978-இல் வீட்டு ஸ்பீக்கராக வந்த, அதே வெள்ளைக் கூம்புள்ள யமஹா என்எஸ்-10, உலகம் முழுக்க ஸ்டுடியோக்களில் மிக்ஸர் மேல் ஏறி உட்கார்ந்தது. 2001-இல் உற்பத்தி நின்றது. கேட்க இனிமையான ஸ்பீக்கர் என்று அதை யாரும் சொன்னதில்லை. அதில் நன்றாகக் கேட்டால் எதிலும் கேட்கும் என்பதுதான் அதன் பெயர்.

ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் இந்தத் தனிப் பெட்டி மாடல்களுக்குப் போட்டிருக்கும் விலை பல நேரம் ஒன்றுக்கு மட்டும். படத்தில் இரண்டு இருக்கும், பார்சலில் ஒன்று வரும். ஜோடியா, ஒற்றையா என்று எழுத்தில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

பட்ஜெட்டில் நாலில் ஒரு பங்கைத் தொடாமல் எடுத்து வையுங்கள். கேபிள், ஸ்டாண்டு, பஞ்சு எல்லாம் அதிலிருந்துதான்.

படி 4: கேபிளும் கரண்டும்

இன்டர்ஃபேஸ் பின்னால் பேலன்ஸ்டு அவுட்புட் இருந்தால் இரண்டு டிஆர்எஸ் கேபிள் வாங்குங்கள். பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கும். ஒற்றை வளையம் என்றால் அது கிடார் கேபிள். வேலை செய்யும், ஆனால் பேலன்ஸ்டு இணைப்பின் பலன் போய்விடும். எர்த் கோளாறு இருக்கிற பழைய வீடுகளில் “ம்ம்ம்” என்ற இரைச்சல் நுழைவது இங்கேதான். ஸ்பீக்கர், இன்டர்ஃபேஸ், லேப்டாப் சார்ஜர் மூன்றையும் ஒரே ஸ்விட்ச் பாக்ஸிலிருந்து எடுங்கள். இரைச்சலுக்குப் பயந்து எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்லும் வைத்தியம் வேண்டவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

படி 5: வைக்கும் இடம்

என் நேரத்தை அதிகம் தின்ற படி இதுதான். எந்த மாடல் வாங்கினீர்கள் என்பதைவிட இதுதான் உங்கள் மிக்ஸை அதிகம் மாற்றும்.

நம்ம ஊர் வெயிலில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. 10 அடி என்பது 3 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே பாதி அலை சரியாகப் பொருந்தும் சுருதி எது என்று கணக்குப் போட்டால் 57 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். பேஸ் கிடாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ், அடுத்த அரைச் சுரம் 58. பாட்டில் அந்த இரண்டு சுரம் வரும்போது மட்டும் சுவரோரம் பேஸ் வீங்கும். அறையின் நடுவிலோ அதே சுரம் காணாமல் போகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி என்றால் மூன்று திசையும் ஒரே சுருதியில் கைகோர்க்கும். சதுர அறை பொல்லாதது என்றது இதனால்தான்.

நம்பிக்கை இல்லையென்றால் சோதித்துப் பாருங்கள். மென்பொருளில் டோன் ஜெனரேட்டரை (ஒரே சுருதியைத் தொடர்ந்து ஒலிக்கும் கருவி) போட்டு, சத்தத்தைக் குறைத்து, 57 ஹெர்ட்ஸை ஓடவிட்டு முன் சுவரிலிருந்து பின் சுவர் வரை மெதுவாக நடங்கள். நடுவில் வரும்போது யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரி இருக்கும். அந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு மிக்ஸ் செய்கிறவர் பேஸ் பத்தவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். அந்தப் பாட்டு ஷேர் ஆட்டோவில் ஓடும்போது கண்ணாடி அதிரும். கட்டிலில், பின் சுவரில் சாய்ந்து மிக்ஸ் செய்கிறவருக்கு நேர் எதிராக நடக்கும். பாட்டில் பேஸே இருக்காது.

ஆகவே இப்படி வையுங்கள். ஸ்பீக்கர்கள் முன் சுவரை ஒட்டி, பின்பக்கம் துளை உள்ள பெட்டியானால் நாலைந்து விரல் இடைவெளி விட்டு. ட்வீட்டரிலிருந்து ட்வீட்டருக்கு 3 அடி. உங்கள் தலைக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அதே 3 அடி. இப்படி முக்கோணம் போட்டால் தலை முன் சுவரிலிருந்து மூன்றே முக்கால் அடி பக்கம் வந்து நிற்கும். அறை நீளத்தில் 38 சதவீதம் என்று ஒலிப்பதிவுக்காரர்கள் சொல்கிற கணக்கும் அதுதான். இட வலமாகச் சரியாக நடுவில் இருங்கள். முன் பின்னாகத்தான் நடு கூடாது.

சுவரிலிருந்து நன்றாக இழுத்து வை என்று நிறைய வீடியோக்களில் சொல்வார்கள். பெரிய அறைக்கு அது சரி. ஸ்பீக்கர் முகப்பு சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 88 ஹெர்ட்ஸ் பக்கத்தை அடித்துவிடும். கிக் டிரம்மின் இடம் அது. சுவரை ஒட்டி வைத்தால் அந்தப் பள்ளம் 270 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறிவிடும், அதைப் பின்னால் வைக்கும் பஞ்சுப் பலகையால் பிடிக்கலாம். ஒட்டி வைப்பதால் மொத்தப் பேஸும் சற்று ஏறும். அதற்குத்தான் பின்னால் ஸ்விட்ச் இருக்கிறது. எச்எஸ்5-இல் ரூம் கண்ட்ரோல் என்று இருக்கும், -2 அல்லது -4 டெசிபல். இந்த அறைக்கு -2-இல் தொடங்குங்கள்.

ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். மேசை தாழ்வாக இருந்தால் சிமென்ட் ஹாலோ பிளாக் மேல் ரப்பர் பாய் போட்டு ஏற்றுங்கள். அழகு பார்த்தால் ஸ்டாண்டுக்குத் தனியாகச் செலவாகும்.

பீரோவை மறந்துவிடாதீர்கள். ஒரு பக்கம் இரும்பு பீரோ, மறுபக்கம் ஜன்னல் திரை என்றால் ஸ்டீரியோ கோணும். முதுகுப்பக்க மூலைக்குத் தள்ளுங்கள். டோன் ஜெனரேட்டரை 40-லிருந்து 200 வரை ஏற்றும்போது பீரோ எங்காவது ஒரு சுருதியில் கதவு நடுங்கிப் பாடும். இடுக்கில் செய்தித்தாளை மடித்துச் செருகினால் அடங்கும்.

படி 6: பஞ்சு

முட்டை அட்டை வேண்டாம். ஒரு இஞ்சு ஃபோம் வேண்டாம். இரண்டும் மேல் சுருதியை மட்டும் தின்று, அறையை மந்தமாக்கி, பேஸை அப்படியே விட்டுவிடும்.

ராக்வுல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகை, 4 இஞ்சு கனம், 4 அடிக்கு 2 அடி. ஆசாரியிடம் சொன்னால் மரச்சட்டம் அடித்துத் தருவார். கையுறை, முகக்கவசம் இல்லாமல் ராக்வுல்லைத் தொடாதீர்கள், அரித்துத் தள்ளும். மேலே போர்த்த விலை உயர்ந்த ஸ்டுடியோ துணியைத் தேடி அலைய வேண்டாம், நம்ம சுங்குடிப் புடவை போதும். துணியை வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். மூச்சு எளிதாக மறுபக்கம் போனால் ஒலியும் போகும். என் அறையில் தொங்குவது அம்மாவின் பழைய மெரூன் சுங்குடி. பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

எங்கே மாட்டுவது? நீங்கள் உட்கார்ந்திருக்க, நண்பர் ஒருவர் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே வரட்டும். எந்த இடத்தில் ட்வீட்டர் தெரிகிறதோ அங்கே ஒரு பலகை. இரண்டு பக்கமும். அப்புறம் ஸ்பீக்கருக்குப் பின்னால். மூலைகளில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தினால் கொஞ்சம் உதவும். ஆனால் 57 ஹெர்ட்ஸை இவை எதுவும் பெரிதாகத் தொடாது, அதன் அலையில் கால் பங்கே ஒன்றரை மீட்டர். அதனால்தான் நாற்காலி வைக்கும் இடத்துக்கு இவ்வளவு எழுதினேன்.

படி 7: சத்தம்

சின்ன அறைக்கு 75 டெசிபல் பக்கம் போதும். போன் ஆப் தோராயமாகக் காட்டும். வால்யூமை அங்கே வைத்துக் குமிழில் பென்சில் கோடு போட்டுவிடுங்கள். நீங்கள் மிக்ஸ் செய்யப்போகும் பாணியில், நன்றாகத் தெரிந்த நாலு பாட்டை அதே அளவில் ஒரு வாரம் கேளுங்கள். ஸ்பீக்கர் பழகுமா என்று தெரியாது, காது பழகும். மிக்ஸ் செய்யும்போது ஃபேனை நிறுத்துங்கள். இறக்கையில் பட்டுத் திரும்பும் ஒலி நீண்ட சுரங்களை லேசாக நடுங்க வைக்கும். சித்திரையில் இதைச் சொன்னால் அடிக்க வருவீர்கள் என்று தெரியும். முடிவெடுக்கும் ஐந்து நிமிடத்துக்காவது.

பின்சேர்க்கை 1

“ஸ்பீக்கர் வந்தது, பாட்டில் குரல் மட்டும் காணோம், மியூசிக் கேட்கிறது” என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். ஸ்பீக்கர் கெட்டுவிடவில்லை. லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒற்றை ஸ்டீரியோ கேபிளை எடுத்து, ஒரு ஸ்பீக்கரின் பேலன்ஸ்டு இன்புட்டில் நேரே செருகியிருக்கிறார். அந்த இன்புட், வரும் இரண்டு சிக்னலில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். இடது, வலது இரண்டிலும் சமமாக இருக்கும் குரல் கழிந்து பூஜ்யமாகிவிடும். ஒரு முனையில் ஸ்டீரியோ, மறுமுனையில் இரண்டு தனித்தனி மோனோ பின்னாகப் பிரியும் கேபிள் வாங்குங்கள். டவுன்ஹால் ரோடு பக்கம் கேட்டுப் பாருங்கள்.

பின்சேர்க்கை 2

மாதாந்திர மின்தடை நாளில் இன்வெர்ட்டரில் ஓட்டினால் ஸ்பீக்கர் ரீங்கரிக்கிறதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் ரீங்கரிக்கும், ஃபேனும் சேர்ந்து உறுமும். சைன் வேவ் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பழைய இன்வெர்ட்டரை மாற்ற முடியாதவர்கள் அன்றைக்கு ஸ்பீக்கர் பிளக்கைக் கழற்றிவிட்டு, லேப்டாப் பேட்டரியில் ஹெட்ஃபோனை வைத்து எடிட்டிங் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். கரண்ட் திரும்பியதும் உடனே ஸ்பீக்கரைப் போடாதீர்கள், வோல்டேஜ் நிலைக்கட்டும். போடும்போது இன்டர்ஃபேஸ் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில்.