“சுருட்டை” என்றால் எந்தப் பாம்பு? எல்லையோர மருத்துவமனை நூலகருக்குச் சில வழிமுறைகள்

எங்கள் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பலர் கோபாலபுரம், வேலந்தாவளம் சோதனைச் சாவடிகளைத் தாண்டி பஸ்ஸில் வருகிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ், டியூட்டி நர்ஸ் கேட்பது மலையாளம், கேஸ் ஷீட்டில் ஏறுவது ஆங்கிலம். பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் இப்படியொரு மருத்துவமனையின் நூலகத்தில் 17 ஆண்டுகளாக இருக்கிறேன். என் இடத்துக்கு நாளை ஒருவர் புதிதாக வந்தால் அவருக்கு எதைச் சொல்லிக்கொடுப்பேனோ அதை இங்கே எழுதுகிறேன். புத்தகத்தை அடுக்குவதையும் சந்தா புதுப்பிப்பதையும் அவர் தாமாகவே கற்றுக்கொள்வார். கேள்வியைக் கேட்டு வாங்குவதுதான் கடினமான வேலை.

அதை நான் கற்றது என் தவற்றிலிருந்து. வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு மாலை ஹவுஸ் சர்ஜன் ஒருவர் போனில் கூப்பிட்டார். நெல்லியாம்பதி எஸ்டேட்டில் வேலை செய்யும் தமிழர் ஒருவரைப் பாம்பு கடித்திருக்கிறது. கூட வந்தவர்கள் “சுருட்டை” என்கிறார்கள். விஷமுறிவு மருந்து கொடுத்தும் இரத்தம் உறையவில்லை. இன்னும் எத்தனை குப்பி கொடுக்கலாம்? சுருட்டை விரியனின் ஆங்கிலப் பெயரைப் போட்டுத் தேடி, அரை மணி நேரத்தில் மூன்று கட்டுரைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேகமாகச் செய்துவிட்டேன் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நோயாளியின் தம்பி, அடித்த பாம்பை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தார். முக்கோணத் தலை, மூக்கின் நுனி மேல்நோக்கி வளைந்திருந்தது. மூத்த மருத்துவர் பார்த்தவுடன் சொன்னார்: மலையாளத்தில் முழமூக்கன் குழிமண்டலி. நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை வைத்து, குதிரைகளின் உடலில் எதிர்ப்பொருளை உண்டாக்கித் தயாரிப்பது. குழிமண்டலியின் நஞ்சுக்கு அது வேலை செய்வதில்லை. இந்தப் பாம்பைச் சுருட்டை என்று தவறாக எண்ணி மருந்து கொடுத்துப் பயனில்லாமல் போனதைக் கேரள மருத்துவர்கள் 2007-லேயே ஒரு கட்டுரையாக எழுதியிருந்தார்கள். முந்தைய நாள் மாலையும் அது மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத் தளமான பப்மெட்டில் இருந்தது. நான் தேடிய பெயர்தான் வேறு.

அவர் டயாலிசிஸ் செய்துகொண்டு பிழைத்தார். வீணாக ஏற்றிய ஒவ்வொரு குப்பியும் ஒவ்வாமை ஆபத்து உள்ளது. அதனால் இன்றும் அந்த மாலையை நினைக்காமல் நான் ஒரு தேடலையும் தொடங்குவதில்லை.

ஆகவே முதல் வேலை: போன் வந்ததும் கணினியைத் தொடாதீர்கள். கேளுங்கள். “இந்தப் பெயர் யார் சொன்ன பெயர்? பார்த்துச் சோதித்துச் சொன்னதா, கேட்டுச் சொன்னதா?” கேட்டுச் சொன்னது என்றால் அந்தப் பெயரை நம்பித் தேடக் கூடாது, நோயாளியின் உடம்பில் தெரிவதை வைத்துத் தேட வேண்டும். அன்றைக்கு நான் “விரியன் வகைக் கடி, உறையாத இரத்தம், விஷமுறிவுக்குப் பலனில்லை, தென்னிந்தியா” என்ற நான்கையும் சேர்த்துத் தேடியிருந்தால் அந்தக் கட்டுரை முதல் பக்கத்திலேயே கண்ணில் பட்டிருக்கும்.

பிறகு கேள்வியைப் பிரித்து எழுதுங்கள். பைகோ என்று இதற்கு ஒரு பெயர் உண்டு: நோயாளி யார், என்ன செய்யப்போகிறோம், அதற்கு மாற்று என்ன, எந்த விளைவை எதிர்பார்க்கிறோம். எழுதிய பிறகு கேட்டவருக்கே படித்துக்காட்டுங்கள். “குழந்தைக்கு விஷமுறிவு எவ்வளவு?” என்று ஒரு நர்ஸ் கேட்டார். அவர் மனதில் இருந்தது எடைக்கு ஏற்ற கணக்கு. குழந்தைகளுக்கான மற்ற மருந்துகளை அப்படித்தான் கொடுக்கிறோம், அவர் நினைத்ததில் தவறில்லை. ஆனால் விஷமுறிவு குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை. “கிலோவுக்கு எத்தனை” என்று நான் தேடியிருந்தால், தவறான கேள்விக்கு ஏதோ ஒரு பதில் கிடைத்திருக்கும்.

அடுத்து, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். நூலகத்தில் நான் மிக அக்கறையோடு காப்பாற்றுவது இதைத்தான். இடப்பக்கம் நோயாளி சொன்ன சொல். நடுவில் மலையாளச் சொல். வலப்பக்கம் பப்மெட்டின் மெஷ் பட்டியலில் உள்ள தலைப்பு. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960-லிருந்து பராமரித்துவரும் சொற்பட்டியல் அது. மாரடைப்பை யார் எந்தப் பெயரில் எழுதினாலும் கட்டுரைகளை ஒரே தலைப்பின் கீழ் சேர்ப்பது அதன் வேலை. நம் ஊர்ச் சொல்லிலிருந்து அந்தத் தலைப்பு வரைக்குமான பாலத்தை மட்டும் அமெரிக்காவில் யாரும் கட்டித்தர மாட்டார்கள். நாம்தான் கட்ட வேண்டும்.

என் நோட்டிலிருந்து சில வரிகள். கண்ணாடி விரியன் இங்கே அணலி. சேனத்தண்டன் என்றும் சொல்வார்கள். கட்டுவிரியன் வெள்ளிக்கெட்டன். நல்ல பாம்பு மூர்க்கன். மலையாள நர்ஸ் “பனி” என்றால் காய்ச்சல். “வாதம்” என்று தனியாக வந்தால் எழுதவே எழுதாதீர்கள், திரும்பக் கேளுங்கள்: பக்கவாதமா, மூட்டுவாதமா, மலையாளத்தில் வாதப்பனி எனப்படும் ருமாட்டிக் காய்ச்சலா?

“அம்மை” இன்னும் ஆபத்தான சொல். கர்ப்பிணியாக இருந்த ஒரு வார்டு உதவியாளர் அம்மை போட்ட குழந்தையைத் தூக்கிவிட்டார். என்ன செய்யலாம் என்று கேள்வி வந்தது. அது சின்னம்மை என்றால், கர்ப்பிணிக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாத நிலையில், அதற்கென உள்ள இம்யூனோகுளோபுலினை (எதிர்ப்பொருள் மருந்தை) 10 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். தட்டம்மை என்றால் வேறு இம்யூனோகுளோபுலின், 6 நாட்களுக்குள். புட்டாளம்மை என்றால் அப்படி ஒன்றும் இல்லை. ஒரே சொல்லுக்குள் மூன்று நோய், இரண்டு கெடு. குழந்தையின் ஓ.பி. சீட்டைத் தேடி எடுத்துவரச் சொல்லிவிட்டுத்தான் நான் தேடத் தொடங்கினேன்.

மருந்துப் பெயர்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். நாம் பாராசிட்டமால் என்பது அமெரிக்கர்களுக்கு அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் அவர்களுக்கு அல்பியூட்டெரால், அட்ரினலின் எபிநெஃப்ரின். தேடும்போது இரண்டு பெயரையும் “ஆர்” (OR, அதாவது “அல்லது”) என்ற இணைப்புச் சொல்லால் சேர்த்துப் போடுங்கள். மெஷ் தலைப்போடு சாதாரணச் சொல்லையும் சேர்ப்பது நல்லது, ஏனென்றால் சற்றுமுன் வெளிவந்த கட்டுரைக்குத் தலைப்பு இன்னும் ஏறாமல் இருக்கலாம்.

எங்கே முதலில் தேடுவது? பழக்கத்தால் எல்லோரும் பப்மெட்டுக்கே ஓடுகிறார்கள். மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ள இடம் அது. அவசரத்தில் போனால் திணற வேண்டியதுதான். முதலில் நம் நாட்டின் சிகிச்சை வழிகாட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது காக்ரேன் நூலகம். ஒரு கேள்விக்கு உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்ட மீளாய்வுகள் அங்கே இருக்கின்றன. அதற்குப் பிறகு பப்மெட். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. நம் வாசகர் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றுகொண்டிருக்கிறார். அந்த விதி எங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது என்று நான் நம்புகிறேன்.

ஆனால் நேரத்தைக் காப்பாற்றுவது வேறு, பாதியில் நிறுத்துவது வேறு. 2001-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா தொடர்பான ஓர் ஆய்வுக்காக, எல்லன் ரோச் என்ற 24 வயதுப் பெண் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தைச் சுவாசித்தார். நோயாளி அல்ல, ஆரோக்கியமான தன்னார்வலர். நுரையீரல் பாதிக்கப்பட்டு ஜூன் 2-ம் தேதி இறந்தார். அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கக்கூடும் என்பதற்கான கட்டுரைகள் 1950-களிலேயே அச்சாகியிருந்தன. பப்மெட்டில் அப்போது 1966-க்குப் பிந்தையவையே பெரும்பாலும் இருந்தன. தேடல் அதைத் தாண்டிப் பின்னே போகவில்லை. பழைய மருந்தைப் பற்றி யாராவது கேட்டால் பழைய பாடநூல்களையும் அச்சில் வந்த கட்டுரை அட்டவணைகளையும் புரட்டிப் பாருங்கள். “இடத்தை அடைக்கிறது” என்று சொல்லி அவற்றைக் கழித்துக்கட்ட வந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கொடுக்கும்போது ஒரே பக்கமாகக் கொடுங்கள். மேலே கேள்வி, கேட்டவரின் சொற்களிலேயே. கீழே கிடைத்தது இரண்டு மூன்று வரியில். எங்கே தேடினேன், எந்தச் சொற்களால், எந்த நாள் வரை, எது கிடைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். “பாதி ஆபத்து குறைந்தது” என்று ஒரு கட்டுரை சொன்னால் அது 1,000 பேரில் இரண்டு ஒன்றானதா, 200 நூறானதா என்று அந்த எண்ணைத் தேடிப் பக்கத்தில் குறியுங்கள். முடிவெடுப்பவருக்கு இந்த ஒரு வரி பெரிய உதவி.

ஒவ்வொரு கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டதா என்று பார்த்துவிட்டே பக்கத்தை மேலே அனுப்புங்கள். 2020 மே 22 அன்று லான்செட் இதழில், கொரோனாவுக்கான ஹைட்ராக்சிகுளோரோகுவின் பற்றி வந்த கட்டுரை ஜூன் 4 அன்று திரும்பப் பெறப்பட்டது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இடையில் அதை அச்செடுத்து மேசையில் வைத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! எங்கள் வார்டிலும் ஒரு பிரதி இருந்தது. நானே போய் எடுத்துவந்தேன்.

நோயாளியின் வீட்டார் வந்தால் உட்காரச் சொல்லுங்கள். அவர்கள் பெரும்பாலும் கேட்பது “எங்க அப்பாவுக்கு இது சரியாகுமா” என்றுதான். அதற்குப் பதில் சொல்ல நமக்கு உரிமை இல்லை; சொல்லவும் கூடாது. ஆனால் நோயைப் பற்றி எளிய தமிழில் உள்ள தாளைக் கொடுக்கலாம். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை அவர்களோடு சேர்ந்து எழுதலாம். எழுதப்படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக்காட்டலாம். புதுச் சிகிச்சை ஆய்வு நடப்பதாகச் செய்தித்தாள் துண்டோடு வருபவருக்கு, 2007-ல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அது இருக்கிறதா என்று தேடிக்காட்டுங்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

பதிவேடு ஒன்று வையுங்கள். நோயாளியின் பெயர் அதில் ஏறக் கூடாது. கேள்வி, கேட்ட நேரம், கொடுத்த நேரம், கடைசிக் கட்டமாக “பிறகு என்ன ஆனது”. மறுநாள் வார்டுக்கு நடந்துபோய்க் கேட்டு நிரப்ப வேண்டிய கட்டம் அது. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பகுதி மருத்துவமனைகளில் நடந்து 1992-ல் வெளியான ஆய்வில், நூலகத்திலிருந்து வந்த தகவலால் சிகிச்சையில் ஏதாவது ஒன்றை மாற்றியதாகப் பதிலளித்த மருத்துவர்களில் 80 சதவீதம் பேர் சொன்னார்கள். எங்கள் அறையைப் பில் கவுன்டருக்குக் கேட்டபோது நான் அந்த எண்ணையும் என் பதிவேட்டையும் சேர்த்தே மேசையில் வைத்தேன். அறை இன்னும் எங்களிடம் இருக்கிறது.

போன வாரம் வேலந்தாவளத்துப் பக்கமிருந்து ஒரு பாட்டி வந்தார். விலாவில் செங்காவி பூசியிருந்தது. எர்ணாகுளத்திலிருந்து வந்த புதிய ஹவுஸ் சர்ஜன் போனில், “அக்கா, அக்கி என்கிறார்கள், இந்தச் சிவப்பு மை என்ன?” என்றார். நோட்டைத் திறந்தேன். அக்கி: ஹெர்பிஸ் ஜோஸ்டர், குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்வது வழக்கம், கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்தைத் தொடங்குவது நல்லது. “எப்போது எழும்பியது என்று கேளுங்கள் டாக்டர்” என்றேன். மறுநாள் கடைசிக் கட்டத்தில் எழுதினேன்: நேற்று முன்தினம் எழும்பியது. மாத்திரை தொடங்கியாயிற்று.