எலும்பும் தோலுமான தெருநாயைத் தேற்றுவது எப்படி

பட்டினி கிடந்த நாயைத் தெருவிலிருந்து தூக்கிவந்த அன்று, தட்டு நிறையச் சோறு வைக்கத்தான் கை போகும். அந்த நாய்க்கு முதல் ஆபத்தே அந்தத் தட்டுதான். பல நாள் சாப்பிடாத உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து உயிர் வாழ்கிறது. பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம், பி1 வைட்டமின் எல்லாம் வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் சோறும் பிஸ்கட்டும் மொத்தமாக உள்ளே போனால் இன்சுலின் சட்டென்று ஏறி, ரத்தத்தில் மிஞ்சியிருக்கும் தாதுக்களையும் செல்களுக்குள் இழுத்துவிடும். இதற்கு ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று பெயர். பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் தலை தொங்குவது, நடுக்கம், தள்ளாட்டம், வேகமான மூச்சு, காபி நிறத்தில் சிறுநீர், வலிப்பு என்று வெளிப்படும். இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த வேளை சாப்பாட்டுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். "நேற்று நன்றாகச் சாப்பிட்டதே, இன்று ஏன் சுருண்டு கிடக்கிறது?" என்ற கேள்விக்குப் பல நேரம் இதுதான் பதில்.

முதலில், அது உண்மையிலேயே எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பாருங்கள். கால்நடை மருத்துவர்கள் 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். 4, 5 சரியான உடம்பு, 1, 2 என்றால் கடுமையான மெலிவு. விலா தெரிகிறதா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் நாட்டு நாய்க்கு இயல்பிலேயே இடுப்பு ஒட்டியிருக்கும், கடைசி ஒன்றிரண்டு விலா லேசாகத் தெரியும். சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு இன்னும் கூடுதலாகத் தெரியும். கையை முதுகில் வைத்துக் கழுத்திலிருந்து வாலடி வரை தடவுங்கள். முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவும் தனித்தனியாக விரலில் இடறினால், இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் துருத்தி நின்றால், தொடையும் நெற்றிப்பொட்டும் குழிந்திருந்தால், கொழுப்போடு தசையும் போய்விட்டது என்று பொருள். நீர்ச்சத்தைப் பார்க்கத் தோலைக் கிள்ளிப் பார்ப்பது மெலிந்த நாயிடம் ஏமாற்றும். அடியில் கொழுப்பு இல்லாததால் தோல் எப்படியும் மெதுவாகத்தான் இறங்கும். ஈறைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுவென்று ஒட்டினால் நீர்ச்சத்துக் குறைவு.

மருத்துவரிடம் முதல் நாளே போய்விடுவது நல்லது. சாப்பாடு கிடைக்காததால் மட்டும் மெலிந்த தெருநாய் குறைவு. உள்ளே ஏதாவது ஒன்று அதைத் தின்றுகொண்டிருக்கும். ரத்தப் பரிசோதனை, ரத்தத் தடவல் (ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது), சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, மலப் பரிசோதனை எல்லாவற்றையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். செலவுக்குத் தயங்குபவர்கள் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையையோ, வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு போன்ற ஊர்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியையோ நாடலாம்.

வெளுத்த ஈறும் தார் போன்ற கறுப்பு மலமும் கொக்கிப்புழுவைக் காட்டும். மலத்திலோ ஆசனவாயைச் சுற்றியோ அரிசி மணி போல ஒட்டியிருந்தால் நாடாப்புழு. அதைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி என்பதால் தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் திரும்ப வரும். குடற்புழு மருந்து உடல் எடைக்கேற்ற அளவில், மருத்துவர் சொன்ன நாளில் போக வேண்டும். முதல் மருந்துக்குத் தப்பிய இளம்புழுக்களுக்காக இரண்டு, மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. அடுத்தது உண்ணிக் காய்ச்சல். அதைக் கொண்டுவரும் எர்லிகியா, பேபிசியா என்ற கிருமிகள் இரண்டும் நம் ஊர் உண்ணியில் சகஜம், இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. ஊகித்து மாத்திரை வாங்காதீர்கள். டாக்சிசைக்ளின் எழுதிக்கொடுத்தால் சாப்பாட்டோடு கொடுத்துத் தண்ணீரும் குடிக்க வையுங்கள், வெறும் வயிற்றில் வாந்தி வரும். பால், தயிருக்கும் அந்த மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். காய்ச்சல் என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையோ புரூஃபனையோ கொடுக்கவே கூடாது. ஆசையோடு முகர்ந்துவிட்டுச் சாப்பிடாமல் விலகினால் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். மாறாக, அகோரமாகச் சாப்பிட்டும் குவியலாக, எண்ணெய் மினுங்கும் மலம் போனால் கணையம் செரிமான நொதியைச் சுரக்கவில்லையோ என்று பார்க்க வேண்டும்.

இனி அளவு. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். நாயின் எடை × எடை × எடை என்று பெருக்கி, வரும் எண்ணுக்கு வர்க்கமூலத்தை இரண்டு முறை எடுத்து, 70ஆல் பெருக்கினால் சும்மா படுத்திருக்க ஒரு நாளைக்குத் தேவையான கலோரி வரும். 10 கிலோ நாய்க்கு: 1000, 31.6, 5.62, கடைசியில் ஏறத்தாழ 394. சுமாராக 400 என்று வைத்துக்கொள்வோம்.

1, 2 மதிப்பெண் நாய்க்கு முதல் இரண்டு நாள் இதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான். தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 50 கிராம், அவித்த முட்டையில் பாதி. ஏறக்குறைய 120 கலோரி. இதை ஆறு வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு ஒரு கரண்டிகூட நிறையாது. நாய் தட்டை நக்கிவிட்டு உங்கள் முகத்தையே பார்க்கும். மனசு கேட்காதுதான், ஆனாலும் கூடுதலாக வைக்காதீர்கள். மூன்று, நான்காம் நாள் 200 கலோரி: கறி 80 கிராம், முழு முட்டை ஒன்று. ஐந்து, ஆறாம் நாள் 300: கறி 100 கிராம், முட்டை ஒன்று, குழைந்த சோறு 50 கிராம். ஏழாம் நாள் 400: கறி 120, முட்டை ஒன்று, சோறு 100. சோறு பின்னால் வருவதற்குக் காரணம் உண்டு. இன்சுலினை ஏற்றுவது மாவுச்சத்து. கறியிலும் முட்டையிலும் பாஸ்பரஸ் இருக்கிறது, வெள்ளைச் சோற்றில் அது சொற்பம். பி1 ஊசியும் தாதுப் பரிசோதனையும் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். தினமும் ஏதோ கிடைத்துத் தின்றுவந்த, 3 மதிப்பெண் நாய்க்கு இவ்வளவு இழுக்க வேண்டாம், மூன்று நான்கு நாளிலேயே முழு அளவுக்கு வரலாம்.

மலம் இளகினால் முந்தைய நாள் அளவுக்கு இறங்கி ஒரு நாள் நில்லுங்கள், கெட்டிப்பட்டதும் மறுபடி ஏறுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். அவசரமாக விழுங்குகிற நாய்க்குக் கிண்ணம் வேண்டாம், அகலமான தட்டில் பரப்பி வையுங்கள். பசியில் வாழ்ந்த நாய் தட்டைக் காக்கும். சாப்பிடும்போது கை நீட்டாதீர்கள், வேறு நாயையும் குழந்தையையும் அருகில் விடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடி தடுப்பூசிக்குப் போய்விடுங்கள்.

பாலும் பிஸ்கட்டும் எடை ஏற்றும் என்று நம்புகிறவர்கள் நிறைய. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் கழிச்சல் போகும். பிஸ்கட்டும் பொறையும் வெறும் மைதாவும் சர்க்கரையும். பிரியாணி, குழம்புச் சோறு கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும், புழுவால் ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாய்க்கு அது இரட்டை அடி. சீக்கிரம் சதை போடட்டும் என்று நெய்யும் கோழித்தோலும் அள்ளிப் போட்டால் கணைய அழற்சி வரலாம். வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

இரண்டாம் வாரத்திலிருந்து இலக்கு எடையை வைத்துக் கணக்குப் போடுங்கள். அந்த நாய் 14 கிலோ இருக்க வேண்டும் என்றால் அடிப்படை 507 கலோரி, அதை 1.6ஆல் பெருக்கினால் சுமார் 810. நாலு நாளைக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டி நான்காம் வாரத்தில் அங்கே வந்து சேருங்கள். இந்தக் கட்டத்தில் பப்பி ஃபுட் நல்ல துணை, வளரும் குட்டிக்கானது என்பதால் கலோரியும் புரதமும் அதிகம். 100 கிராம் பப்பி ஃபுட், 150 கிராம் கறி, ஒரு முட்டை, 80 கிராம் சோறு சேர்ந்தால் ஏறத்தாழ 800 வரும் (பாக்கெட்டில் போட்டிருக்கும் கலோரியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்). ஒரு வாரத்தில் படிப்படியாகக் கலந்து, வெந்நீரில் ஊறவைத்து, ஆறிய பிறகு மூன்று நான்கு வேளையாக வையுங்கள்.

முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் என்றால் கால்சியம் விடுபட்டுப்போகும். முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்சியில் மாவாக அரைத்து, இந்த அளவு சாப்பாட்டில் நாளைக்கு அரை டீஸ்பூன் கலக்கலாம். வாரம் இரண்டு முறை 30 கிராம் வெந்த ஈரல் போதும், தினமும் வேண்டாம். துத்தநாகம் போன்ற மற்றவற்றுக்கு மருத்துவர் சொல்லும் சப்ளிமெண்ட் தேவைப்படும். பசி தூண்டும் டானிக்கை நம்பிச் சாப்பாட்டுக் கணக்கை விட்டுவிடாதீர்கள்.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே மெஷினில், காலைச் சாப்பாட்டுக்கு முன் பாருங்கள். முதல் வாரத்தில் ஏறும் அரைக் கிலோ பெரும்பாலும் நீரும் வயிற்றிலிருக்கும் உணவும்தான். பிறகு வாரத்துக்கு 150 முதல் 250 கிராம் நல்ல வேகம். 10 கிலோ நாய் 14 ஆக நான்கைந்து மாதம் பிடிக்கும். முதுகெலும்பு அப்படியே துருத்தியிருக்க, வயிறு மட்டும் உப்பினால் அது எடை ஏற்றம் அல்ல. புழுவாகவோ, ரத்தத்தில் புரதம் இறங்கி வயிற்றில் நீர் கோத்ததாகவோ இருக்கலாம், உடனே காட்டுங்கள். முழு அளவு சாப்பிட்டும் மூன்று வாரம் எடை நகரவில்லை என்றால் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள், பரிசோதனையைத் திரும்ப எடுங்கள்.

தசை திரும்ப நடையும் வேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்து வெயில் ஏறுமுன் பத்து நிமிடம், பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிப் போங்கள். படுக்கக் கோணியை நாலாக மடித்துப் போடுங்கள். சதையில்லாத முழங்கையும் இடுப்பும் வெறும் சிமென்ட் தரையில் உரசிப் புண்ணாகும். மழை நாளில் ஒரு போர்வையும் வேண்டும்.

தடுப்பூசி எப்போது என்பதை உடம்பு தேறுவதைப் பார்த்து மருத்துவர் சொல்வார்; கருத்தடை அறுவைக்கு ரத்த அளவும் எடையும் சீரான பிறகே போங்கள். இலக்கு எடை வந்ததும் பப்பி ஃபுட்டிலிருந்து வளர்ந்த நாய்க்கான உணவுக்கு ஒரு வாரத்தில் மாற்றி, இரண்டு வேளையாக்குங்கள். கருத்தடைக்குப் பிறகு எடை சுலபமாக ஏறும் என்பதால் அப்போது அளவை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, மாதம் ஒருமுறை மெஷினில் ஏற்றிப் பாருங்கள்.