43 சிசி பிரஷ் கட்டர் எஞ்சினை மாதிரி விமானத்தில் ஏற்றுவது

விவசாயக் கருவிக் கடைகளில் விற்கும் சீன பிரஷ் கட்டர்களில் (புல், புதர் வெட்டும் கருவி) பெரும்பாலும் இருப்பது 1ஈ40எஃப்-5 வகை டூ ஸ்ட்ரோக் எஞ்சின். சிலிண்டரின் உள்விட்டம் (போர்) 40 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் (ஸ்ட்ரோக்) 34 மி.மீ. இறக்கை இரண்டேகால் மீட்டர், எடை 8 கிலோ அளவுள்ள ரேடியோ கட்டுப்பாட்டு விமானத்தை இது தாராளமாக இழுக்கும். அதைவிடச் சிறிய விமானம் என்றால் 26 சிசி எஞ்சினைத் தேடுங்கள். 43 சிசியைப் போட்டால் மூக்கு கனத்துவிடும்.

பழைய எஞ்சின் வாங்கினால் சைலன்சரைக் கழற்றி, வெளியேற்றுத் துளை வழியாக பிஸ்டனைப் பாருங்கள். மேலும் கீழுமாகக் கோடுகள் விழுந்திருந்தால் வேண்டாம்.

கிளட்ச் ஷூ, கிளட்ச் கூடு, பெட்ரோல் டேங்க், பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். ஃபிளைவீல் நட்டைக் கழற்றும்போது கிராங்க் சுற்றாமல் இருக்க, ஸ்பார்க் பிளக் துளை வழியாகப் பருத்திக் கயிற்றை உள்ளே விட்டு பிஸ்டனை நிறுத்துங்கள். ஸ்க்ரூ டிரைவரை விட்டால் பிஸ்டன் தலை ஓட்டையாகும். ஃபிளைவீலை புல்லர் போட்டே இழுக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் ஷாஃப்ட் வளையும்.

அடுத்தது லேத் வேலை. ஃபிளைவீலில் காற்று வீசும் இறகுகளை மட்டும் கடைந்து எடுக்கச் சொல்லுங்கள். காந்தத்தையும் அதற்கு எதிரே இருக்கும் எடையையும் தொடக்கூடாது. கடைந்த பிறகு இரண்டு கத்தி முனைகள் மேல் வைத்து சமநிலை பாருங்கள். கனமான பக்கம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கத்தில் சிறு குழி போட்டுக் குறைக்கலாம்.

ப்ரொப்பெல்லரை எஞ்சினோடு இணைக்கும் ஹப்தான் இந்த மாற்றத்தின் உயிர்நாடி. 6061-டி6 அலுமினியத்தில் கடைவது நல்லது. ஃபிளைவீல் நட்டுக்குப் பதிலாக நீளமான ஸ்டீல் நட் ஒன்று செய்து, ஹப் அதன் மேல் இடைவெளியில்லாமல் உட்காரும்படி துளையிடுங்கள். மையம் பிடிப்பது நட்டின் வேலை, சுழற்றுவது கிளட்ச் ஷூ இருந்த இரண்டு துளைகளில் போடும் போல்ட்டுகளின் வேலை. டேப்பரில், அதாவது ஃபிளைவீல் உட்காரும் ஷாஃப்ட்டின் கூம்புப் பகுதியில், இருக்கும் அரைவட்டக் கீ, தீப்பொறி நேரத்தைச் சரியாக வைக்க மட்டுமே. ஷாஃப்ட்டில் இருந்து ஃபிளைவீலுக்குப் போகும் விசையைத் தாங்குவது டேப்பரின் பிடி. அதனால் ஃபிளைவீலை மாட்டுமுன் வால்வ் தேய்க்கும் பேஸ்ட் தடவி டேப்பரில் தேய்த்து, பேஸ்ட்டைச் சுத்தமாகக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் இறுக்குங்கள். டயல் கேஜில் ஹப் முகத்தின் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

தீப்பொறிக்கான காயிலுக்கும் ஃபிளைவீல் காந்தத்துக்கும் இடைவெளி 0.3 மி.மீ. இருக்கட்டும். ஃபீலர் கேஜ் போதும். பேட்டரியில் இயங்கும் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறினால் எடை குறையும், கையால் சுற்றியே கிளப்பலாம். ஆனால் முதல் எஞ்சினுக்கு, காந்தமும் காயிலும் சேர்ந்து தீப்பொறி தரும் மேக்னெட்டோவே போதும் என்பது எங்கள் கருத்து. ஒரு சிக்கல்: மேக்னெட்டோவுக்கு வேகம் வந்தால்தான் தீப்பொறி வலுவாக விழும். ஆகவே பின்பக்கக் கயிறு ஸ்டார்ட்டரைக் கழற்றாமல், ஃபயர்வாலில் (எஞ்சினைப் பொருத்தும் மூக்குப் பலகை) இருந்து எஞ்சினை நீளமான அலுமினியத் தூண்களில் தள்ளி நிறுத்தி, கயிற்றைப் பக்கவாட்டில் எடுங்கள். ஃபயர்வால் 6 மி.மீ. பிர்ச் பிளைவுட்டுக்குக் குறையக்கூடாது.

பலர் தடுக்கி விழும் இடம் கார்புரேட்டர். டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) வைத்த கார்புரேட்டருக்குள் பெட்ரோலை இழுப்பது கிராங்க் கேஸின் அழுத்தத் துடிப்பு. அது ஒரு சிறு துளை வழியாக வருகிறது. புது கேஸ்கெட் வெட்டும்போது அந்தத் துளையை மறந்தால் எஞ்சின் ஓரிரு முறை இருமிவிட்டு நின்றுவிடும். எஞ்சினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே இருக்கும் கருப்பு இன்சுலேட்டர் கட்டையை அலுமினியத்தில் செய்து போடாதீர்கள். சூடு ஏறி பெட்ரோல் ஆவியாகிவிடும். கூடவே வரும் கார்புரேட்டரைவிட, இரண்டு ஊசிகள் உள்ள வால்ப்ரோ வகை பட்டர்ஃபிளை கார்புரேட்டர் விமானத்துக்கு ஏற்றது. தொடக்கத்தில் லோ ஊசி (குறைந்த வேகத்துக்கு) ஒன்றேகால் சுற்று, ஹை ஊசி (முழு வேகத்துக்கு) ஒன்றரைச் சுற்று திறந்திருக்கட்டும்.

பெட்ரோல் லிட்டருக்கு 2டி ஆயில் 30 மி.லி. கலக்க வேண்டும். குழாய் பெட்ரோலுக்கென்றே விற்கும் டைகான் வகையாக இருக்க வேண்டும். குளோ எஞ்சின்களுக்குப் போடும் சிலிகான் குழாய் பெட்ரோலில் ஊதிப் பிய்ந்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் டயாஃப்ரத்தை விறைக்கச் செய்யும். பறந்து முடிந்ததும் டேங்க்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

த்ராட்டில் கம்பி உலோகமாக இருக்கக்கூடாது, நைலான் போடுங்கள். ரேடியோ இரைச்சலைக் குறைக்கும் ரெசிஸ்டர் பிளக் கட்டாயம். ரிசீவரை எஞ்சினில் இருந்து 30 செ.மீ.க்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். எஞ்சினை நிறுத்த, காயிலின் கில் வயரை எர்த் செய்யும்படி வெளியே ஒரு ஸ்விட்ச் வேண்டும். சிக்னல் அறுந்தால் த்ராட்டில் முழுதும் மூடி எஞ்சின் நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதியுங்கள்.

ப்ரொப்பெல்லர் வாங்குமுன் பிளக்கைக் கழற்றிவிட்டு, கயிற்றை மெல்ல இழுத்து, ஷாஃப்ட் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று முன்னால் இருந்து பாருங்கள். இடஞ்சுழியாக இருந்தால் சாதாரண 20x8 (விட்டம் 20 அங்குலம், பிட்ச் 8 அங்குலம்) மர ப்ரொப்பெல்லர். வலஞ்சுழி என்றால் எதிர்ப்பக்கம் சுற்றும் புஷர் வகை. ப்ரொப்பெல்லர் இல்லாமல் ஒரு நொடிகூட ஓட்ட வேண்டாம். பாரம் இல்லாமல் கட்டுக்கடங்காத வேகத்துக்குப் போய்விடும்.

முதல் ஓட்டத்துக்கு வாலைக் கட்டிவிட்டு, பின்னால் நின்றே ஊசியைத் திருப்புங்கள். ப்ரொப்பெல்லர் சுழலும் தளத்தின் நேரே யாரும் நிற்கக்கூடாது. சூடேறியதும் முழு த்ராட்டிலில் உச்ச வேகம் வரும்வரை ஹை ஊசியை மூடி, பிறகு எட்டில் ஒரு சுற்று திறந்து விடுங்கள். மூக்கைத் தூக்கிப் பத்து விநாடி பிடியுங்கள். சத்தம் தொய்ந்தால் இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும். எஞ்சினை மூடும் கவுல் போட்டால், காற்று வெளியேறும் வழி நுழையும் வழியைப்போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். உள்ளே தகடு வைத்துக் காற்றை சிலிண்டர் இறகுகளுக்கு நடுவே திருப்புங்கள்.

பத்து நிமிடம் ஓடியதும் நிறுத்தி, ஆறவிட்டு, சைலன்சர் போல்ட்டுகளையும் ஹப் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். ஃபிளைவீலின் டேப்பர் ஓரத்தில் சாம்பல் நிறப் பொடி தெரிந்தால் அது வழுக்குகிறது. கழற்றி, மறுபடி தேய்த்துப் பொருத்தாமல் பறக்க விடாதீர்கள்.