ரம்மியை விட வேண்டுமா? முதலில் பணம் போகும் வழியை அடைத்துவிடுங்கள்

ஆன்லைன் ரம்மியில் இரண்டு வருடம் பணம் விட்டவன் நான். கடைசியாக ஆடிப் பதினாலு மாதம் ஆகிறது. எனக்குப் பலித்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஆப்பை அழியுங்கள், டெலிகிராம் குழுக்களிலிருந்து வெளியேறுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. ஆனாலும் லிங்க் வந்துகொண்டுதான் இருக்கிறது. தடுப்பு ஆப்களில் நான் பெட்பிளாக்கரைத்தான் சொல்வேன், இலவசம். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். புதுப்புது தளங்கள் அதற்குத் தப்பிவிடும்.

அடுத்தது பணம். நான் சறுக்கிய இடம் இதுதான். டெபிட் கார்டை அக்காவிடம் கொடுத்தேன். யுபிஐ பின்னையும் அவரே மாற்றி வைத்தார். இனிப் பயமில்லை என்று நினைத்தேன். ஆனால் கார்டின் கடைசி ஆறு எண்ணும் காலாவதித் தேதியும் எனக்கு மனப்பாடம். ஓடிபி வருவதும் என் போனுக்கே. ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்கு மாடிப்படியில் உட்கார்ந்து புது பின் போட்டு நாலாயிரம் ஏற்றினேன். விடிவதற்குள் அத்தனையும் போயிற்று. கார்டை மாற்றினாலும் போதாது, ஆதார் வழியாகவும் பின் மாற்றலாம்.

அதனால் பூட்டைவிட, கணக்கில் காசே நிற்காமல் செய்வதுதான் வழி. வங்கிக்குப் போய் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன், அதாவது மாதாமாதம் குறித்த தேதியில் பணத்தைத் தானாகவே வேறு கணக்குக்கு மாற்றும் உத்தரவு, எழுதிக் கொடுங்கள். சம்பளம் ஏறும் நாளிலேயே பணம் மனைவியின் கணக்குக்குப் போய்விட வேண்டும். உங்கள் யுபிஐயில் வேறொரு சின்னக் கணக்கு மட்டும் இருக்கட்டும். எனக்கு வாரம் 1500 ரூபாய் அதில் வருகிறது. பஸ், டீ, ரீசார்ஜ் எல்லாம் அதற்குள்தான். கிரெடிட் கார்டில் ஆன்லைன் பரிவர்த்தனையை நிறுத்திவிடுங்கள். கடன் ஆப் ஒன்றுகூட போனில் இருக்கக் கூடாது.

அப்புறம் கடன். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி வீட்டில் காட்டுங்கள். நான் முப்பதாயிரத்தை மட்டும் மறைத்தேன். அதை அடைக்கத்தான் மறுபடி ஆடப் போனேன். விட்டதைப் பிடிக்கலாம் என்ற நினைப்பு அந்த மறைத்த கடனிலிருந்துதான் முளைக்கிறது. வீட்டார் உதவினால் பணத்தை உங்கள் கையில் தர வேண்டாம், கடன் கொடுத்தவருக்கே நேராகக் கட்டட்டும்.

கை பரபரக்கும்போது போனை வைத்துவிட்டுத் தெருவில் நடங்கள். எனக்கு அரை மணி நேரத்தில் தணிந்துவிடும். தணியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸைக் கூப்பிடுங்கள்: 14416. இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் ஒரு நிமிடமும் தள்ளிப்போடாமல் கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரை எழுப்பிப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

பின்சேர்க்கை: ஒன்றாம் தேதி விடுமுறை என்பதால் சம்பளம் முந்தின நாளே ஏறிவிட்டது, அந்த இரவில் ஆடிவிட்டேன் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். மாதக் கடைசி மூன்று நாள் நான் சிம்மைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிடுகிறேன். சிம் இல்லாமல் ஓடிபி வராது. அலுவலகத்திலும் அந்த மூன்று நாளைக்கு அவருடைய எண்ணைத்தான் கொடுத்து வைத்திருக்கிறேன்.