பால்பல் சொத்தை: எச்சிலை மறந்து நாம் செய்கிற தவறுகள்

இரண்டு வயதுக் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தால் சில சமயம் ஒரு விசித்திரம் தெரியும். மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பேறி, ஈறோரமாகக் கரைந்திருக்கும். கீழ் முன்பற்களோ பளிச்சென்று இருக்கும். ஒரே வாய், ஒரே பால், ஒரே பிரஷ். அப்புறம் ஏன் இந்த ஓரவஞ்சனை?

எச்சில் செய்கிற வேலை அது. நாக்குக்கு அடியில் சுரக்கும் உமிழ்நீர் வந்து தேங்குகிற இடம் கீழ் முன்பற்களுக்குப் பின்னால்தான். பால் உறிஞ்சும்போது நாக்கும் அந்தப் பற்களை மூடிக்கொள்கிறது. மேல் முன்பற்களுக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் குறைவு. பாட்டில் பால் தேங்குவதும் அவற்றைச் சுற்றித்தான்.

பல்லைப் பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி, உள்ளே ஏதோ புழு இருப்பதுபோல் நினைத்துவிடுகிறோம். பல்லின் மேல் படிந்திருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன, அவ்வளவுதான். அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனதும் பல்லின் கடினமான மேலுறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உடனே எச்சில் வேலையில் இறங்கும். அமிலத்தைக் கழுவும், தன்னிடமுள்ள பைகார்பனேட்டால் முறிக்கும், கரைந்துபோன தாதுக்களைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும். வாய் பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி நேரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். பெற்றோர் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த அரை மணி நேரத்தை எச்சிலுக்குக் கொடுக்காததால் வருபவைதான்.

முதலில் தூக்கத்தில் பாட்டில். தூங்கும்போது எச்சில் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. விழுங்குவதும் அபூர்வம். அந்த நேரத்தில் வாயில் பாட்டிலை வைத்துவிட்டு நாமும் கண்ணயர்ந்தால், கடைசி மடக்குப் பால் விடியும்வரை மேல் பற்களின் மேலேயே கிடக்கும். பாலில் சர்க்கரை போடவில்லையே என்பார்கள். பாலிலேயே லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. இனிப்புக் கலந்தாலோ ஜூஸ் ஊற்றினாலோ நிலைமை இன்னும் மோசம். அழுகிற குழந்தையிடம் ஒரே இரவில் பாட்டிலைப் பிடுங்குவது நடக்கிற காரியமில்லை. அதனால் சில நாட்களுக்குள் பாலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தூங்கப்போகும் பாட்டிலில் வெறும் தண்ணீர் மட்டும் என்ற நிலைக்குக் கொண்டுவரலாம். ஒரு வயது ஆனதும் டம்ளருக்குப் பழக்குவது நல்லது. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வதாக இதை யாரும் படிக்க வேண்டாம். பல் முளைத்து, ஒரு வயதும் தாண்டி, இரவு முழுக்க அடிக்கடி குடிக்கிற குழந்தைக்குப் பல் துலக்குவதில் கூடுதல் கவனம் வேண்டும். அவ்வளவே.

பகலிலும் இதே தவறு வேறு வடிவில் நடக்கிறது. சிப்பர் கோப்பையில் ஜூஸை ஊற்றிக் கையில் கொடுத்துவிடுகிறோம். குழந்தை விளையாடியபடியே ஐந்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு குடிக்கும். எச்சில் அமிலத்தை முறித்து முடிப்பதற்குள் அடுத்த மடக்கு வந்துவிடும். மொத்தமாகப் பார்த்தால் குடித்தது அரை டம்ளர்தான் இருக்கும். ஆனால் பற்கள் அரை நாள் அமிலத்தில் ஊறியிருக்கும். பிஸ்கெட்டும் அப்படித்தான். கொடுக்கிற இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்து முடித்துவிடுங்கள். நடுவில் தாகம் எடுத்தால் தண்ணீர்.

சரி, வீட்டில் சண்டையே மூட்டுகிற விஷயத்துக்கு வருவோம்: எச்சில் ஸ்பூன். சொத்தையில் பெரும்பங்கு வகிக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற கிருமி பெரியவர்களின் எச்சில் வழியாகக் குழந்தைக்குப் போவது உண்மை. குழந்தையின் ஸ்பூனை வாயில் வைத்துப் பார்ப்பதையும், கீழே விழுந்த சூப்பானை நம் வாயால் சுத்தம் செய்து கொடுப்பதையும் விட்டுவிடலாம். ஆனால் பாட்டி ஊதி ஆற்றிக் கொடுத்தார் என்பதற்காக அவரிடம் முகம் சுளித்துவிட்டு, இரவில் இனிப்புப் பாலை வாயில் வைப்பதில் என்ன லாபம்? ஒரே வீட்டில் கொஞ்சி வளரும் குழந்தைக்கு அந்தக் கிருமி இன்றில்லாவிட்டால் நாளை வரத்தான் போகிறது. அடிக்கடி சர்க்கரை கிடைக்காவிட்டால் அதன் ஆட்டம் அடங்கிவிடும். பெரியவர்கள் தங்கள் சொத்தைப் பற்களைச் சரிசெய்துகொள்வது இதைவிடப் பெரிய உதவி. அவர்கள் எச்சிலில் கிருமியின் அளவு குறையும்.

எச்சில் வழிய வழியத் திரியும் குழந்தைக்குச் சொத்தை வராது என்று நம்புபவர்களும் உண்டு. வழிவது எச்சிலை விழுங்கத் தெரியாததால். அதற்கு எத்தனை துவாலை நனைந்தாலும், இரவில் அந்தக் குழந்தைக்கும் சுரப்பு குறைவுதான்.

மருந்துகளை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒவ்வாமைக்கும் சளிக்கும் கொடுக்கும் சில மருந்துகள் வாயை உலரவைக்கும். பல சிரப்புகளில் சர்க்கரை இருக்கும். பல் துலக்கிப் படுக்கவைத்த பிறகு கொடுத்தால் எல்லாம் வீண். முதலில் மருந்து, கொஞ்சம் தண்ணீர், பிறகு பிரஷ் என்று வரிசையை மாற்றினால் போதும். சர்க்கரை இல்லாத வகை கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம். மூக்கடைப்பால் வாயைத் திறந்தபடி தூங்கும் குழந்தைக்கும் பற்கள் காய்ந்துபோகும். அதையும் காட்டிவிடுங்கள்.

ஃபுளோரைடு என்ற தாது கலந்த பேஸ்ட் குழந்தைக்கு ஆகாது என்ற பயமும் பரவலாக இருக்கிறது. எச்சில் கொண்டுவரும் கால்சியம் பல்லில் மறுபடி ஒட்ட ஃபுளோரைடு கைகொடுக்கிறது. முதல் பல் எட்டிப்பார்த்ததிலிருந்து 3 வயதுவரை ஓர் அரிசி அளவு, 3 முதல் 6 வயதுவரை பட்டாணி அளவு, தினம் இருமுறை. துப்பத் தெரிந்த குழந்தை துப்பினால் போதும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும்.

விழுந்து முளைக்கிற பல்தானே என்கிறார்கள். பால் கடைவாய்ப் பற்கள் சில 10, 12 வயதுவரை இருந்தாக வேண்டும். பால்பல்லின் எனாமல் மெல்லியது என்பதால் சொத்தை வேகமாகவும் இறங்கும்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். குழந்தையை வெளிச்சத்தில் மடியில் படுக்கவைத்து, மேலுதட்டை விரலால் தூக்கி, முன்பற்களை மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். எச்சில் ஈரம் இருக்கும்வரை கண்ணுக்குப் படாத ஒன்று, உலர்ந்ததும் ஈறோரமாகச் சுண்ணாம்புக் கோடுபோல் வெள்ளையாகத் தெரியலாம். சொத்தையின் முதல் படி அது. பழுப்பேறிக் குழி விழுவதற்கு முன், இந்தக் கட்டத்தில் பழக்கத்தை மாற்றி, பல் மருத்துவரிடம் ஃபுளோரைடு பூச்சும் போட்டுக்கொண்டால் பல்லைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. கோடு தெரியாவிட்டாலும் முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். வலி இல்லாமல் முதல்முறை போகிற குழந்தை அடுத்த முறை அந்த நாற்காலியைப் பார்த்து அழுவது குறைவு.