லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் காப்பது எப்படி?

தர்மபுரி வறண்ட மாவட்டம்தானே, இங்கே லென்ஸில் எங்கே பூஞ்சை வரப்போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு ஐப்பசியில் ஒகேனக்கல் சாரலில் நின்று படம் எடுத்துவிட்டு வந்து, கேமராவைப் பையோடு பீரோவில் வைத்துவிட்டேன். தை மாதம் எடுத்துப் பார்த்தால், 50 மி.மீ. லென்ஸுக்குள் ஓரமாக, பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல வெள்ளை இழைகள். சாரலில் நனைந்ததைவிட, ஈரத்தோடு மூன்று மாதம் இருட்டில் கிடந்ததுதான் அதைக் கெடுத்தது.

முதல் வேலை, வீட்டுக்கு வந்ததும் உலர்த்துவது. லென்ஸின் வெளிப்பக்கத்தை மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். சில மணி நேரம் ஃபேன் காற்றில் இருக்கட்டும். பையைத் தனியாக வெயிலில் காயப் போடுங்கள்.

அடுத்து, டப்பா. மூடியில் ரப்பர் வளையம் உள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா போதும். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளும், ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டரும் வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 60-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அதற்காக 30-க்குக் கீழே இறக்கவும் வேண்டாம். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், அது வெளியிலேயே இருக்கட்டும். அரிசி போட்டு வைக்கலாமே என்பார்கள், மாவுத்தூசிதான் மிஞ்சும்.

சிலிக்கா ஜெல்லில் ஆரஞ்சு நிற மணிகளாக வாங்குங்கள். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அது நச்சு. ஆரஞ்சு மணிகள் ஈரம் குடிக்கக் குடிக்கப் பச்சையாக மாறும். அப்போது சமையலுக்குப் பயன்படுத்தாத தட்டில் பரப்பி, ஓவனில் சுமார் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பிவிடும்.

அப்புறம், மாதம் ஒருமுறை டார்ச் சோதனை. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். லென்ஸின் முன், பின் மூடிகள் இரண்டையும் கழற்றி, அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துவாரத்தை) முழுதாகத் திறந்து, ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் சாய்வாகப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தூசி, பயமில்லை. கிளை விட்ட நூல் போலத் தெரிந்தால் பூஞ்சை. உடனே அந்த லென்ஸை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்துவிட்டு, லென்ஸ் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். நீங்களே திருகைக் கழற்ற வேண்டாம். ஆரம்பத்தில் என்றால் துடைத்து எடுத்துவிடலாம். நாளாகிவிட்டால் பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்திருக்கும். துடைத்த பிறகும் அந்தத் தழும்பு போகாது. என் 50 மி.மீ.யில் அது இன்னும் இருக்கிறது.