போனைத் தொடப் பயப்படுகிறவர்களுக்கு ஆன்லைன் வகுப்பு அமைப்பது எப்படி

காரைக்குடியைச் சுற்றி வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிற பெண்களுக்கு அடக்க விலைக் கணக்கு சொல்லிக்கொடுக்கிற வகுப்பை நான் போன் வழியாக நடத்துகிறேன். கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான், அந்தப் பக்கம் தேவகோட்டை வரை ஆட்கள் இருக்கிறார்கள். தேன்குழலும் சீப்புச் சீடையும் அதிரசமும் கை பழகினவர்கள், ஐம்பது பேர் விருந்துக்கு அரிசி எவ்வளவு போடணும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள், ஆனால் போனில் ஒரு லிங்க் வந்துவிட்டால் மட்டும் மகன் வருகிற வரைக்கும் அதைத் தொடமாட்டார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு வகுப்பு எடுக்கப் போகிறேன், எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரே ஒரு விதி. புதுப் பாடமும் புதுக் கருவியும் ஒரே நாளில் வரக்கூடாது. மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

என்னுடைய முதல் வகுப்பில் நான் இதைச் செய்யவில்லை. ஒரு செயலியை இறக்கச் சொன்னேன், அதில் பெயர் பதியணும், ஓடிபி வரும், அதைப் போடணும், பாஸ்வேர்டு வைக்கணும், அப்புறம் உள்ளே போய் பாடம் ஒன்று, வீடியோ இரண்டு என்று தேடணும். கணக்குக்கு வருவதற்கு முன்னாலேயே இத்தனை. மூன்றாவது வாரம் பாதிப் பேரைக் காணவில்லை. வராமல் நின்ற ஒரு ஆச்சியைக் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டேன். “கணக்கு நல்லாப் புரியுதும்மா, அந்தக் கதவைத் தெறந்து உள்ள வர்றதுக்குள்ளயே களைச்சுப் போயிடுறேன்” என்றார். ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988இலிருந்து எழுதி வளர்த்த கொள்கையும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. ஒரே நேரத்தில் மனம் தாங்குகிற சுமைக்கு ஓர் அளவு உண்டு, பாடத்துக்குச் சம்பந்தமில்லாத சுமை அதில் ஏறினால் பாடத்துக்கு இடம் குறைந்துபோகும். ஆச்சி அதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அதனால் கருவி தேர்ந்தெடுக்கும்போது எது சிறந்தது என்று தேடாதீர்கள். அவர்கள் கையில் ஏற்கெனவே எது இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பக்கம் அது வாட்ஸ்அப். மலேசியாவில் இருக்கிற பேரனோடு பேச, கல்யாணப் பத்திரிகை பார்க்க, அதை எப்படியும் திறக்கிறார்கள். அதிலேயே வகுப்பை வையுங்கள். ஒரே ஒரு குழு, அதில் அட்மின் மட்டும் எழுதும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் உங்கள் பாடம் புதைந்துபோகும். அந்த வாரப் பாடத்தை மேலே பின் செய்துவையுங்கள். சந்தேகம் கேட்க உங்கள் தனி எண். குழுவில் எல்லார் முன்னாலும் “எனக்குப் புரியவில்லை” என்று சொல்ல அறுபது வயதுக்காரருக்குக் கூச்சமாக இருக்கும், அது நியாயம்தான்.

எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முகப்பு வாசலில் நின்றால் வளவை, அதாவது நடு முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டுக் கதவு வரைக்கும் ஒரே நேர்கோட்டில் தெரியும். இரண்டு பக்கமும் எத்தனை அறை இருந்தாலும் முதல் தடவை வருகிறவர் வழி தவறமாட்டார். வகுப்பும் அப்படித்தான் இருக்கணும். திங்கட்கிழமை ஒரு குரல் பதிவு, புதன்கிழமை ஒரு சின்ன வீடியோ, வெள்ளிக்கிழமை நோட்டில் எழுதிய கணக்கைப் போட்டோ எடுத்து அனுப்புவது. முதல் வாரம் குரல் பதிவு மட்டும், இரண்டாவது வாரத்திலிருந்து கடைசி வரை இதே வரிசை, இதே கிழமை, இதே நேரம். உங்களுக்குச் சலிப்பாக இருக்கும். அவர்களுக்கோ அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே பாதி தைரியம்.

பூஜ்ய வகுப்பு என்று ஒன்றை நான் வைத்திருக்கிறேன், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாடம் தொடங்குவதற்கு முந்தைய வாரம், நேரில், யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில், இரண்டு மணி நேரம். ஆன்லைன் வகுப்புக்கு நேரில் எதற்கு என்று கேட்கலாம். ஒவ்வொரு போனையும் கையில் வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். எழுத்து எறும்பு மாதிரி இருக்கும், செட்டிங்ஸில் டிஸ்ப்ளேக்குள் போய் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். உள்ளே இடமே இருக்காது, இரண்டு வருஷத்து வாழ்த்துப் படங்களும் வீடியோக்களும் அடைத்துக்கொண்டிருக்கும், அவர்கள் சம்மதத்தோடு வேண்டாததை நீக்குங்கள், இல்லாவிட்டால் உங்கள் வீடியோ இறங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் எண்ணை உங்கள் முகப் படத்தோடு சேமித்துக் கொடுங்கள். போன் யாருடையது என்றும் கேளுங்கள். சில வீடுகளில் ஒரே போன்தான், மகன் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார், ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் அம்மா கைக்கு வரும். இது முன்னாலேயே தெரியாமல் காலை பத்து மணிக்கு வகுப்பு வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

அன்றைக்கு நான் கவனித்த இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லணும். மாவு பிசைந்து பிசைந்து உரமேறிய கை. அந்தக் கட்டைவிரலால் ஒரு ஆச்சி திரையை அழுத்துகிறார், ஒன்றும் நடக்கவில்லை, இன்னும் பலமாக அழுத்துகிறார், அப்படியே அழுத்திப் பிடிக்கிறார். அழுத்திப் பிடித்தால் போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும், செய்தி நிறம் மாறி மேலே குப்பைத் தொட்டிப் படம் வந்து நிற்கும், “ஐயோ, எதையோ அழிச்சிட்டேன்” என்று போனைக் கீழே வைத்துவிடுவார். பயம் பிறக்கிற இடம் இதுதான். தொடுதிரைக்குப் பலம் தேவையில்லை, விரல் பட்டால் போதும் என்பது நமக்குச் சொல்லாமலே தெரியும், அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. நான் இப்படிச் சொல்லிக்கொடுத்தேன்: “பணியாரச் சட்டி சூடாயிடுச்சான்னு பார்க்க விரலை வச்சு வச்சு எடுப்பீங்கல்ல ஆச்சி, அந்த மாதிரி.” உடனே வந்துவிட்டது. விரல் மிகவும் காய்ந்திருந்தாலோ, ஈரமோ எண்ணெயோ இருந்தாலோ திரை சரியாகக் கேட்காது என்பதையும் சொல்லுங்கள், துடைத்துவிட்டுத் தொடட்டும்.

குரல் பதிவிலும் இப்படி இரண்டு கண்ணிகள் உண்டு. மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசணும், பாதியில் விரல் நழுவினால் அதுவரை பேசிய பாதி மட்டும் அனுப்பப்பட்டுவிடும். பிடித்தபடி மேலே இழுத்தால் பூட்டிக்கொள்ளும், அப்புறம் கையை எடுத்துவிட்டு நிதானமாகப் பேசலாம், இதைப் பத்துத் தடவை செய்ய வையுங்கள். இன்னொன்று, பதிவு ஓடும்போது பக்கத்தில் இருக்கிற வேக எண்ணில் தெரியாமல் விரல் பட்டுவிடும். “இன்னைக்கு ஏன் டீச்சர் இவ்வளவு வேகமாப் பேசுறீங்க” என்று ஒரு அக்கா கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. இப்போது பூஜ்ய வகுப்பில் வேண்டுமென்றே வேகத்தை மாற்றிக் காட்டி, திரும்பப் பழைய வேகத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறேன். தவறு செய்ய வைத்து, திரும்பி வருகிற வழியைக் காட்டிவிட்டால் பயம் பெருமளவு இறங்கிவிடும்.

பட்டன் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். ஒருவர் போனில் அது தமிழில் இருக்கும், இன்னொருவர் போனில் ஆங்கிலத்தில். “கீழே வலது பக்கம் பச்சை வட்டம்”, “ஜெம் கிளிப் படம்” என்று நிறத்தையும் இடத்தையும் சொல்லுங்கள். வீடியோ எடுக்கும்போது உங்கள் விலை உயர்ந்த போனில் எடுக்காமல் அவர்களிடம் இருப்பது போன்ற சாதாரணப் போனிலேயே எடுங்கள், திரை ஒன்றுபோல இருந்தால் குழப்பம் இல்லை. மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

நேரலை வகுப்பு வேண்டுமானால் லிங்க் அனுப்பி உள்ளே வரச் சொல்வதைவிட நீங்களே குழுவாகக் கூப்பிடுங்கள். வாட்ஸ்அப் குழு அழைப்பில் 32 பேர் வரை சேரலாம். போன் அடித்தால் எடுக்க எல்லாருக்கும் தெரியும். ஜூம் இலவசக் கணக்கு என்றால் 40 நிமிடத்தில் கூட்டம் தானாக முடிந்துவிடும், அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஒவ்வொருவரும் தான் எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டதாகவே நினைத்துக்கொள்வார்கள்.

இனி பாடத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த நகரத்தார் கடைகளுக்கு இங்கிருந்து பையன்கள் போனார்கள். போனதும் யாரும் பேரேட்டைக் கையில் கொடுத்துவிடவில்லை. முதலில் பெட்டியடிப் பையன், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது, சின்ன வேலை செய்வது. அப்புறம் அடுத்தாள். அதற்கும் அப்புறம்தான் மேலாள். நானும் ஒவ்வொரு பாடத்தையும் இப்படித்தான் மூன்று படியாகப் பிரிக்கிறேன். நான் செய்வதை அவர்கள் பார்ப்பது, என்னோடு சேர்ந்து செய்வது, தனியாகச் செய்வது. இரண்டாவது படியை அவசரத்தில் தாண்டுகிறவர்கள்தான் அதிகம், நானும் தாண்டியிருக்கிறேன், அந்த வாரம் வீட்டுப்பாடம் வரவே வராது.

உதாரணத்துக்கு, தேன்குழலின் அடக்க விலை. முதல் வாரம் போனில் எந்த வேலையும் இல்லை, குரல் பதிவைக் கேட்பது மட்டும்தான். ஒரு ஈடு போடும்போது அரிசி, உளுந்து, வெண்ணெய், எண்ணெய், பாக்கெட் கவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவது. எண்ணெயில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள், ஊற்றியது முழுவதையும் செலவாக எழுதிவிடுவார்கள். சுடுவதற்கு முன் எடை போடுங்கள், முடிந்து ஆறியதும் மிச்சத்தை எடை போடுங்கள், வித்தியாசம்தான் செலவு. கேஸுக்கும் வழி உண்டு, சிலிண்டர் மாற்றிய தேதியை எழுதி அது தீர்கிற வரை எத்தனை ஈடு போட்டோம் என்று எண்ணிக்கொண்டு வந்து வகுத்தால் போதும், வீட்டுச் சமையலுக்கும் அதே அடுப்பு என்றால் அதற்கு ஒரு பங்கு ஒதுக்கணும். தன் கூலியை யாரும் எழுதமாட்டார்கள். “என் வேலைக்கு எதுக்கும்மா காசு” என்பார்கள். எழுத வைத்துவிடுங்கள்.

இரண்டாவது வாரம் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவது. புதுக் கருவி கேமரா, பாடம் பழையது. மூன்றாவது வாரம் போனில் இருக்கிற கால்குலேட்டர், ஆனால் ஏற்கெனவே கையால் போட்டு விடை தெரிந்த அதே எண்களோடு. விடை ஒத்துவந்ததும் அந்தக் கருவியின் மேல் ஒரு நம்பிக்கை வரும் பாருங்கள், அதுவரைக்கும் காத்திருங்கள். எக்ஸெல் பக்கமே நான் போவதில்லை. எட்டு வாரத்துக்கு அது தேவையும் இல்லை.

பாடத்தை ஒரு தாளிலும் அச்சடித்துக் கொடுங்கள், பெரிய எழுத்தில், ஒரு பாடத்துக்கு ஒரு பக்கம். மாவு மில்லில் ஒரு கட்டு வைத்துவிட்டால் அரைக்க வருகிறவர்கள் எடுத்துப் போய்விடுவார்கள். நெட் இல்லாத நாளில் அந்தத் தாள்தான் வகுப்பு.

வீட்டில் உதவுகிற மகன், மகள், பேரனுக்கும் ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். “தம்பி, பாட்டி கேட்டால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்லு.” போனைப் பிடுங்கிச் சரசரவென்று தட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டால் அவருக்கு வேலை முடிந்திருக்கும், கை கற்றிருக்காது. “இதுகூடத் தெரியாதா” என்ற ஒரு வார்த்தை வந்துவிட்டால் அந்த வாரம் முழுக்கப் போன் அலமாரியில்தான் இருக்கும்.

ஓடிபி பற்றிய பயத்தைப் போக்க முயலாதீர்கள், அந்தப் பயம் சரியானது. இந்த வகுப்பில் எப்போதும் யாரும் ஓடிபி கேட்கமாட்டார்கள், கேட்டால் அது நான் இல்லை என்று முதல் நாளே சொல்லுங்கள். பணம் பறிபோனால் உடனே கூப்பிட வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930, அதையும் அந்தத் தாளின் அடியில் அச்சடியுங்கள். கட்டணத்தை ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள், ஜிபே கட்டாயம் வேண்டாம்.

நேரம் எங்களுக்கு மத்தியானம் இரண்டரையிலிருந்து நாலு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஆர்டர் குவிந்திருக்கும், அப்போது வகுப்பு வைக்காதீர்கள். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலில் மாசி பங்குனித் திருவிழா நடக்கும்போதும் வேண்டாம், பால்குடம் எடுக்கப் போகிறவர் உங்கள் வீடியோவைப் பார்க்கமாட்டார்.

எல்லாம் தயாரானதும் மூன்று பேரிடம் கொடுத்துப் பாருங்கள், போனில் அதிகமாகத் தடுமாறுகிற மூன்று பேராக இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் விரலை மட்டும் கவனியுங்கள். விரல் எங்கே நின்று யோசிக்கிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அவரைத் திருத்தாமல் பாடத்தைத் திருத்துங்கள். மூன்று பேரும் ஒரே இடத்தில் நின்றால் அந்தப் படியையே எடுத்துவிடுங்கள்.

எட்டு வாரம் முடிந்ததும் குழுவைக் கலைத்துவிடாதீர்கள். என்னுடைய பழைய குழு ஒன்றில் வகுப்பு முடிந்து எத்தனையோ மாதம் கழித்தும் வெள்ளிக்கிழமையானால் ஒருவரிடமிருந்து என் தனி எண்ணுக்கு ஒரு நோட்டுப் பக்கம் போட்டோவாக வரும், கொஞ்சம் சாய்ந்து, ஒரு ஓரத்தில் கட்டைவிரல் தெரிய. இந்த வாரம் அதிரசத்துக்கு வெல்லம் விலை ஏறியிருக்கிறது, விலையை மாற்றலாமா என்று கேட்டிருந்தார்.